கிரேட்டிங் பழசானால் அலைநீளம் தப்பாக வருமா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகன் பிராக்டிகலில் பாதரச விளக்கின் பச்சைக் கோட்டின் அலைநீளத்துக்கு 10,322 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என்று விடை எடுத்திருக்கிறான். வர வேண்டியது 5,461. டியூஷன் வழியாகப் பழக்கமான ஏஜென்ட் ஒருவர், "ஸ்கூல் கிரேட்டிங் தேஞ்சு போச்சு, புதுசு 2,800 ரூபாய், நானே வாங்கித் தர்றேன்" என்கிறாராம். வாங்கலாமா?

வாங்காதீர்கள். பிழை கண்ணாடியில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

கீற்றணி (கிரேட்டிங்) என்பது மிக நெருக்கமாக, சம இடைவெளியில் கோடுகள் போட்ட ஒரு கண்ணாடித் தகடு. பள்ளிகளில் பெரும்பாலும் மீட்டருக்கு 6 லட்சம் கோடுகள் என்று கணக்குப் போடுவார்கள். அதாவது ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 1.67 மைக்ரோமீட்டர். கோடுகளுக்கு நடுவே உள்ள பக்கத்துப் பக்கத்துக் கீற்றுகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் ஒளியில் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் போக வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் தூரம் சரியாக ஓர் அலைநீளமாக இருக்கும் திசையில் எல்லாக் கீற்றுகளின் ஒளியும் ஒன்றுக்கொன்று கைகொடுத்துப் பிரகாசிக்கும். மற்ற திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஊதாவுக்கு அலைநீளம் குறைவு, அதனால் சின்னச் சாய்விலேயே (சுமார் 14°) தெரிந்துவிடும். பச்சை 19° தாண்டி, மஞ்சள் 20° தாண்டி. பட்டகத்தில் (பிரிசத்தில்) ஊதாதான் அதிகம் விலகும், இங்கே சிவப்புதான் அதிகம் விலகும்.

ஆக, ஒரு நிறத்துக்கான கோணத்தைத் தீர்மானிப்பது தகட்டுக் கோடுகளின் இடைவெளி மட்டுமே. கைரேகை பட்டால், கீறல் விழுந்தால் நிறக்கோடு மங்கும், சுற்றிலும் வெளிச்சம் சிதறும். இடம் மாறாது. தேய்ந்த கீற்றணி விடையை இரட்டிப்பாக்காது. இதைச் சொல்லி விற்பவருக்கு இயற்பியல் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

கோணத்தை அளப்பது ஸ்பெக்ட்ரோமீட்டரில்: ஒளியை இணைக்கதிராக்கி அனுப்பும் குழாய் இணையாக்கி, கீற்றணி நிற்பது நடு மேசை, அதைச் சுற்றித் திரும்புவது தொலைநோக்கி. மகனின் நோட்டில் இடப்பக்க, வலப்பக்க அளவீடுகளின் வித்தியாசம் 38°16' என்று எழுதியிருக்கிறான். அது 2θ. அதில் பாதி, 19°8', தான் θ, அதாவது நேர்க்கதிரிலிருந்து ஒரு பக்கம் விலகும் கோணம். அலைநீளம் என்பது θ-வின் சைனை மீட்டருக்கான கோடுகளால் வகுத்தது. பாதியாக்காமல் சைன் பார்த்து 6 லட்சத்தால் வகுத்தால் அச்சாக 10,322 வரும். பாதியாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், 5,463 வரும். அந்த 10,322 அகச்சிவப்பு, கண்ணுக்கே தெரியாத ஒளி. பச்சைக் கோட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு அந்த எண்ணை எழுதும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. கோணம் படிக்கும் வெர்னியர் அளவுகோல் 360°-ஐத் தாண்டும்போது இடப்பக்கம் 340°52', வலப்பக்கம் 19°8' என்று வரலாம். அப்படியே கழித்தால் 321°44'. தப்பு. சின்ன எண்ணோடு 360° கூட்டி, 379°8'-லிருந்து 340°52'-ஐக் கழிக்க வேண்டும், 38°16' கிடைக்கும். இதில் ஆபத்து என்னவென்றால், தப்பான 321°44'-ஐப் பாதியாக்கினால் 160°52' வரும். அதன் சைனும் 19°8'-இன் சைனும் ஒன்றுதான். விடை சரியாகவே வந்துவிடும், பையனும் நிம்மதியாக இருப்பான். ஆனால் அட்டவணையில் θ = 160° என்று பார்க்கும் தேர்வாளர் சும்மா விடமாட்டார். முதல் வரிசைப் பச்சை (கூடுதல் தூரம் ஓர் அலைநீளமாக உள்ள கோடு) 160°-இல் இருக்க முடியாது, அங்கே தொலைநோக்கி கிட்டத்தட்ட இணையாக்கி இருக்கும் பக்கமே திரும்பியிருக்கும். எந்த வித்தியாசமும் 180°-ஐத் தாண்டினால் உடனே 360° சேர்த்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

அளவெடுக்கும் முன் ஒளி கீற்றணியில் செங்குத்தாக விழ வேண்டும். நேர்க்கதிரிலிருந்து தொலைநோக்கியை 90° திருப்பி இறுக்கிவிட்டு, மேசையை மட்டும் திருப்பி, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் பிளவின் பிம்பத்தைக் குறுக்குக் கம்பியில் நிறுத்த வேண்டும். அங்கிருந்து மேசையை 45°, கீற்றணி இணையாக்கிக்கு நேராக நிற்கும் திசையில். எதிர்த்திசையில் திருப்பினால் தகடு ஒளிக்குப் பக்கவாட்டில் நிற்கும், ஒன்றும் தெரியாது. இட, வலக் கோணங்கள் சில நிமிடங்களுக்கு மேல் வேறுபட்டால் இந்த வேலை சரியில்லை என்று அர்த்தம்.

ஏஜென்டைவிட எனக்குக் கோபம் வருவது, பள்ளிகளைச் சுற்றியுள்ள சில ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கும் ரெடிமேட் ரீடிங் தாள்கள் மேல். அதில் பச்சைக்கு 19°8' என்று இருக்கும். உங்கள் பள்ளிக் கீற்றணியின் ஓரத்தில் '15,000 எல்.பி.ஐ.' என்று எழுதியிருந்தால், அது அங்குலத்துக்கு 15,000 கோடு, மீட்டருக்கு 5,90,551. அதில் பச்சை 18°49'-இல்தான் தெரியும். தேர்வாளர் ஒருமுறை தொலைநோக்கியில் கண் வைத்தால் குட்டு உடைந்துவிடும். நேர்மையாக அளந்தவனும் இங்கே சறுக்குவான்: 18°49'-ஐ அளந்து, வழக்கப்படி 6 லட்சம் போட்டால் 5,376 வரும். தகட்டில் எழுதியிருப்பதைத்தான் கணக்கில் போட வேண்டும், புத்தகத்தில் உள்ளதை அல்ல.

கோணத்தில் 1 நிமிடம் பிசகினால் விடை சுமார் 5 ஆங்ஸ்ட்ராம் நகரும். அதனால் 5,440, 5,480 என்று வருவது ஒழுங்கான உழைப்பின் அடையாளம். ஆனால் ஒரே ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சுற்றி ஒரு வகுப்பையே நிற்க வைத்து, ஆளுக்குச் சில நிமிடம் கண் வைக்கச் சொல்லிவிட்டு, 'சரியான' எண் வந்தால்தான் மார்க் என்றால் பிள்ளைகள் தாளை வாங்காமல் என்ன செய்வார்கள்? அந்த 2,800 ரூபாயைப் பத்திரமாக வைத்துவிட்டு, பள்ளி விட்ட பின் அரை மணி நேரம் கருவியைத் தொட விடும்படி ஆசிரியரிடம் எழுதிக் கேளுங்கள். விளக்கைப் போட்டதும் அளக்கத் தொடங்க வேண்டாம், முழு வெளிச்சம் வரச் சில நிமிடம் ஆகும். நடுவில் அணைத்துவிட்டால் சூடு ஆறும்வரை மறுபடி எரியாது, ஒருவர் முடித்து அடுத்தவர் வரும்வரை அப்படியே எரியட்டும்.