இடுப்பிலிருந்து எலும்பு எடுத்தால் இடுப்பு என்னவாகும்?

கேள்வி: பைக் விபத்தில் என் தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. ராடு வைத்து ஒன்பது மாதமாகியும் கூடவில்லை. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். செயற்கை எலும்பு கிடைக்கிறதாமே, அது போதாதா? இடுப்பு பலவீனமாகிவிடாதா? – வாசகி, கரூர்

பதில்: கால்சியம் பாஸ்பேட் போன்றவற்றில் செய்த செயற்கைத் துகள்கள் கிடைக்கின்றன. அவை கொடி படரப் போடும் பந்தல் மாதிரி. சொந்த எலும்பில் பந்தலோடு கொடியும் உரமும் சேர்ந்தே வருகின்றன: உயிருள்ள செல்களும், வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களும். மாதக்கணக்கில் கூடாமல் நிற்கும் முறிவுக்கு இதையே முதலில் நினைப்பது அதனால்தான். ஆனால் அதற்கு முன் இரண்டைப் பார்த்தாக வேண்டும். உள்ளே சீழ் இருந்தால் வைத்த எலும்பு கரைந்துவிடும், ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள் அதற்காகத்தான். ராடு ஆட்டம் கண்டிருந்தால் எத்தனை கிராஃப்ட் (எடுத்து வைக்கும் எலும்பு) வைத்தும் பயனில்லை. அதை மாற்றி இறுக்க வேண்டும்.

இடுப்பில் கை ஊன்றி நின்றால் விரலில் தட்டுப்படும் விளிம்பிலிருந்துதான் எடுப்பார்கள். முன்முனையிலிருந்து குறைந்தது 3 செ.மீ. பின்னால் தள்ளித்தான் கை வைக்க வேண்டும். தொடைத் தசையும் கவட்டு நாரும் அந்த முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஒட்டி எடுத்தால், பிறகு நாற்காலியிலிருந்து எழும்போதே முனை உடைந்து பெயரலாம். தொடையின் வெளிப்பக்கத்துக்கு உணர்வு தரும் நரம்பும் அருகிலேயே ஓடுகிறது. தோலை விளிம்பின் மேலேயே கீறாமல் சற்றுத் தள்ளிக் கீறினால், பெல்ட்டோ பாவாடை நாடாவோ தழும்பில் உராயாது.

இடைவெளியை நிரப்ப மட்டும் என்றால், விளிம்பில் பெட்டி மூடி போல ஒரு துண்டைத் திறந்து, உள்ளிருக்கும் பஞ்சு எலும்பைக் க்யூரெட் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு மூடிவிடலாம். வெளித்தசைகளை அதிகம் பிரிக்காததால் நடை சீக்கிரம் திரும்பும். வெளி ஓடும் உள் பஞ்சும் சேர்ந்த முழுக்கனத் துண்டு தேவையென்றால் ரம்பத்தால் அறுப்பது நல்லது. உளி அடித்தால் நுண்விரிசல் விழும். நிறைய எலும்பு வேண்டுமானால் குப்புறப் படுக்கவைத்துப் பின்பக்கம் எடுப்பார்கள். அங்கே, பின்முனையிலிருந்து சுமார் 8 செ.மீ. தூரத்தில் பிட்டத்துத் தோலுக்கான நரம்புகள் குறுக்கே போவதால் அதற்குள்ளேயே நிற்க வேண்டும்.

எடுத்த துண்டுகளைச் சலைனிலோ ரத்தத்திலோ நனைந்த துணியில் மூடி வைத்து, தாமதிக்காமல் காலில் வைக்க வேண்டும். விளக்கின் சூட்டில் காய்ந்தால் செல்கள் செத்துவிடும். காலில் கிருமி இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இடுப்புக்குத் தனிக் கருவிகள், தனிக் கையுறை.

பஞ்சு எலும்பு மட்டும் எடுத்தால் இடுப்பின் பலம் பெரிதாகக் குறையாது. ஆனால் இது இன்னொரு ஆபரேஷன்தான். எந்தப் பக்கம், எவ்வளவு என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிராஃப்ட் வைத்துப் பத்து நாளாகிறது. காலைவிட இடுப்புதான் வலிக்கிறது. தொடையும் மரத்திருக்கிறது. – வாசகர், தேனி

பதில்: பலருக்கும் இப்படித்தான். பெரும்பாலும் சில வாரங்களில் தணியும், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். மரத்துப்போன இடமும் பெரும்பாலும் மெல்லச் சுருங்கும். ஆனால் வீக்கம் நாளுக்கு நாள் பெருத்தாலோ, காய்ச்சலோ நீர்க்கசிவோ இருந்தாலோ அன்றே காட்டுங்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், கிருமி தொற்றியிருக்கலாம். எழும்போது 'டக்'கென்று சத்தம் கேட்டு முன்பக்கம் கடுமையாக வலித்தால் உடனே எக்ஸ்ரே. இருமும்போது அந்த இடம் புடைத்தால் குடலிறக்கமா என்று பார்க்க வேண்டும். அரிதுதான், ஆனாலும் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: பீடியைக் குறைத்தால் போதுமா? – வாசகர், திருச்சி

பதில்: போதாது, அடியோடு நிறுத்துங்கள். வைத்த எலும்புக்குள் புது ரத்தக்குழாய்கள் நுழைந்தால்தான் அது பிழைக்கும். நிகோட்டின் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. சர்க்கரை இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். மருந்துக் கடையில் நீங்களாக டைக்ளோஃபினாக் வாங்கி வாரக்கணக்கில் விழுங்காதீர்கள். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேளுங்கள்.