பதினாலரை வருஷ சர்வீஸில் பேப்பர் போடலாமா?

கேள்வி: எனக்கு 33 வயது. கணியம்பாடி பக்கம் ஊர். ராணுவத்தில் நாயக்காக இருக்கிறேன், சர்வீஸ் 14 வருடம் 5 மாதம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மனைவி இரண்டு பிள்ளைகளையும் அவரையும் ஒற்றை ஆளாகப் பார்த்து அல்லாடுகிறாள். பேப்பர் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். ஊருக்குத் தெரிந்த ஒருவர், மெடிக்கல் போர்டு வழியாக வெளியே எடுத்துப் பென்ஷனும் வாங்கித் தருகிறேன், 2 லட்சம் ஆகும் என்கிறார். என்ன செய்யட்டும் ஐயா?

பதில்: தம்பி, அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஜவான்களுக்குப் பென்ஷன் கிடைக்க 15 வருடத் தகுதி சர்வீஸ் வேண்டும். உங்களுக்கு இன்னும் 7 மாதம் பாக்கி. இப்போது சொந்த விருப்பத்தில் வந்தால் கிராஜுவிட்டி, ஃபண்டு, குரூப் இன்சூரன்ஸ் என்று மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும், அதோடு சரி. மாதப் பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் குடும்பத்துக்கு வைத்தியம் பார்க்கிற திட்டமான இசிஹெச்எஸ் மருத்துவ அட்டையும் கிடையாது. இன்னொன்று, இதைப் பலரும் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்: பென்ஷன் தகுதி வருவதற்கு முன் தானாகக் கேட்டு வெளியே வந்தவரை அரசு 'முன்னாள் படைவீரர்' என்றே கணக்கில் எடுக்காது. பொதுத்துறை வங்கியில் கிளார்க் வேலைக்கு முன்னாள் படைவீரர்களுக்கு 14.5 சதவீதம், மத்திய அரசு குரூப் சி வேலையில் 10 சதவீதம் என்று ஒதுக்கீடு இருக்கிறதே, அந்தக் கதவும் சாத்திவிடும்.

அணைக்கட்டு பக்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். தங்கச்சி கல்யாணத்துக்காக 14 வருடம் 2 மாதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பால் கவரில் சுற்றி, அதற்கு மேல் ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தார், ஒரு மூலைகூட மடங்கவில்லை. பிறகு அவர் வீட்டுக்கும் போனேன். வெள்ளை பெயிண்டில் பெயரும் நம்பரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியில் கேழ்வரகு கொட்டி வைத்திருந்தார்கள். இன்றைக்கு ஒரு கடையில் ராத்திரி வாட்ச்மேன். மனைவிக்குக் கிட்னிப் பிரச்சினை, கைக்காசில்தான் ஓடுகிறது. இன்னும் 10 மாதம் தாக்குப் பிடித்திருந்தால் அந்த அம்மாவுக்கு இசிஹெச்எஸ் இருந்திருக்கும். இதை அவருக்கு அன்றைக்கு யூனிட்டில் யாராவது 10 நிமிடம் உட்காரவைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு மனுஷனின் மீதி வாழ்க்கையை முடிவு செய்கிற காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், அதில் என்ன இழக்கிறான் என்று எடுத்துச் சொல்ல ஆள் வைக்க மாட்டேன் என்கிறார்கள். எனக்கு இதில்தான் வயிறு எரிகிறது.

அதனால் 15 வரை எப்படியும் இருங்கள். முடிந்தால் 16 வரை. ஏனென்றால் எம்ஏசிபி என்கிற ஊதிய உயர்வு 8, 16, 24 வருடங்களில் வரும். 16 முடிந்தால் ரேங்க் வராவிட்டாலும் அடுத்த படியான ஹவில்தார் சம்பள நிலை கிடைக்கும், பென்ஷன் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி என்பதால் அந்த உயர்வு ஆயுள் முழுக்கக் கூட வரும். சரியாக 15 ஆகிற நாளைக் குறித்து எழுதிக் கொடுக்கவும் செய்யாதீர்கள். எப்போதாவது லீவு முடிந்து லேட்டாகப் போய்ச் சேர்ந்து அந்த நாட்கள் ஒழுங்குபடுத்தப்படாமல் கிடந்தால், அவை தகுதி சர்வீஸில் சேராது. நாலு நாள் குறைந்து பென்ஷன் தொங்கலில் நிற்கும். இரண்டு மூன்று மாதம் தாராளமாக விட்டுத் தேதி போடுங்கள்.

எப்போது ஓய்வு பெற்றாலும் ஒரே ரேங்க், ஒரே சர்வீஸ் என்றால் ஒரே பென்ஷன் என்கிற 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2015 நவம்பர் உத்தரவுப்படி, அதற்குப் பிறகு சொந்த விருப்பத்தில் வெளியே வருகிறவர்களுக்கு அது இல்லை. தீர்ப்பாயத்தில் வழக்குகள் போயிருக்கின்றன, ஆனால் அதை நம்பி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

இப்போது அந்த மெடிக்கல் போர்டு ஆள். 15 வருட விதிக்கு ஒரு விதிவிலக்கு இருப்பது உண்மைதான், அதைக் காட்டித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். உடல்நிலை காரணமாக ராணுவமே ஒருவரை 'இனி முடியாது' என்று வெளியே அனுப்பினால், அந்த நோயோ காயமோ பணியால் வந்தது அல்லது பணியால் அதிகமானது என்று போர்டு ஒத்துக்கொண்டால், பாதிப்பு 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், 15 வருடம் ஆகாமலேயே ஊனப் பென்ஷன் உண்டு. கவனியுங்கள், அனுப்புவது அவர்கள், கேட்பது நீங்கள் அல்ல. போர்டில் உட்காருகிறவர்கள் ராணுவ டாக்டர்கள். 2023 செப்டம்பரில் வந்த புதிய விதிகளுக்குப் பிறகு இதை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். வேலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிற ஒருவருக்கு அங்கே எந்தப் பிடியும் கிடையாது. இல்லாத வியாதியை இருப்பதாக நடிப்பது ராணுவச் சட்டம் பிரிவு 46-ன்படி குற்றம், 7 வருடம் வரை சிறை. மாட்டுவது நீங்கள், 2 லட்சம் போவதும் உங்களுடையது, அந்த ஆள் அடுத்த ஊரில் அடுத்த நாயக்கைப் பிடிப்பார். உங்களுக்கு நிஜமாகவே காதோ முதுகோ முட்டியோ பாதித்து, சர்வீஸில் ஏற்கெனவே பதிவாகி லோ மெடிக்கல் கேட்டகிரியில், அதாவது உடல் தகுதி குறைந்தவர் பட்டியலில் இருந்தால் அது வேறு. அப்போது வெளியே வரும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டில் அதை எழுதவைக்க வேண்டும், அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

இதே ஆட்களின் இன்னொரு முகம், பணம் வந்த பிறகு தெரியும். பென்ஷனில் பாதி வரை கம்யூட் செய்து மொத்தமாக வாங்கலாம். உதாரணத்துக்கு, அடிப்படைச் சம்பளமும் எம்எஸ்பி என்கிற ராணுவ சேவை ஊதியம் 5,200-உம் சேர்த்து 40,000 என்றால் பென்ஷன் 20,000. பாதியைக் கம்யூட் செய்தால் உங்கள் வயதுக்கு ஏறக்குறைய 11 லட்சம் கைக்கு வரும், மாதம் 10,000-உம், முழு 20,000-க்கு உண்டான அகவிலை நிவாரணமும் வந்துகொண்டிருக்கும், வெட்டிய பாதி 15 வருடம் கழித்துத்தான் திரும்பும். அந்த 11 லட்சத்தை மோப்பம் பிடித்து வருவார்கள். காட்பாடி, ஆரணி பக்கமெல்லாம் லட்சத்துக்கு மாதம் 8,000 வட்டி என்று வாங்கியவர்களிடம் போட்டுவிட்டு, 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு மனுவோடு அலைந்தவர்களில் பட்டாளத்துக்காரர்கள் கொஞ்சமா? லேஅவுட் போட்டுக் கொடி நட்டு விற்கிறவர்களையும் இதே கணக்கில் வையுங்கள்.

சரி, அப்பாவுக்கு என்ன வழி? பேப்பர் போடுவதற்கு முன் கம்பாஷனேட் போஸ்டிங், அதாவது குடும்பக் கஷ்டத்துக்காக ஊர்ப் பக்கம் மாற்றல் கேளுங்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், வீட்டில் வேறு ஆண் துணை இல்லை என்பதற்கான தாசில்தார் சான்று இவற்றோடு யூனிட் தலைமை அதிகாரியான சி.ஓ.வுக்கு மனு. வேலூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, சர்வீஸில் இருப்பவர் குடும்பமும் அங்கே போகலாம், மனைவியே மனு கொடுக்கட்டும், அவர்கள் யூனிட்டுக்கு எழுதுவார்கள். வேலூரிலேயே என்சிசி பட்டாலியனும் இருக்கிறது, இன்ஸ்ட்ரக்டர் இடம் காலியா என்று ஹெட் கிளார்க் மூலம் விசாரியுங்கள். ஒரு தடவை கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், பதில் வரவே மாதக்கணக்காகும், ஃபைல் எந்த மேஜையில் தூங்குகிறது என்று நாம்தான் எழுப்ப வேண்டும்.

அப்புறம் ஒரு வேலை, இந்த லீவிலேயே செய்யுங்கள். அப்பாவை டிபெண்டண்டாகச் சேர்த்துப் பார்ட் டூ ஆர்டர் (சர்வீஸ் ரெக்கார்டில் ஏறுகிற யூனிட் உத்தரவு) வெளியாகியிருக்கிறதா என்று பாருங்கள். அவருக்கு எல்லா வகையிலும் சேர்த்து மாத வருமானம் 9,000-க்குள் இருந்தால், நாளைக்கு நீங்கள் பென்ஷனில் வரும்போது இசிஹெச்எஸ்-இல் அவரையும் சேர்க்கலாம். மனைவி, பிள்ளைகள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் சர்வீஸ் ரெக்கார்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல் முன்னால் வரும், ரெக்கார்டில் அது பின்னால் போய் உட்கார்ந்திருக்கும், அந்த ஒரு எழுத்துக்காக ஸ்பர்ஷ் என்கிற ஆன்லைன் பென்ஷன் முறையில் பென்ஷன் நின்றுபோன விதவைகளைப் பார்த்திருக்கிறேன். இப்போது நீங்கள் யூனிட்டில் இருக்கிறீர்கள், ஹெட் கிளார்க் முன்னால் நின்று ஒரு வாரத்தில் திருத்திவிடலாம். வெளியே வந்த பிறகு இதே திருத்தத்துக்கு ரெக்கார்ட் ஆபிஸுக்குத் தபால் போட்டுக்கொண்டு கிடக்க வேண்டும்.