கேமரா இருக்கட்டும் தம்பி, முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். ஏற்காட்டுக்கு மேலே, காபித் தோட்டங்களை ஒட்டிய மூன்று சிற்றூர்களில் ஊழியம் செய்கிறேன். மூன்றிலும் சேர்த்து ஐம்பது குடும்பம் இருக்கும். போன மாதம் சேலத்துச் சபை வாலிபர்கள் வந்திருந்தார்கள். கேமரா, ஸ்டாண்டு, மைக் எல்லாம் வாங்கித் தருகிறோம், யூடியூப் சேனல் ஆரம்பித்து ஞாயிறு ஆராதனையை லைவ் போடுங்கள் என்கிறார்கள். எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே உள்ள பாறையில் ஏறினால்தான் சிக்னல். வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருக்கிறது. அதில் காலை வணக்கப் படங்களும் சண்டையும்தான் மிச்சம். எங்கள் சபை மூப்பரோ, போன் வீட்டுக்குள் வந்ததும் ஜெபம் வெளியே போய்விட்டது என்கிறார். காலத்துக்கு ஏற்ற ஊழியம் செய்யாமல் பின்தங்கிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஊழியர், சேர்வராயன் மலை

பதில்: அன்புத் தம்பிக்கு,

சேனலைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு வேண்டாம். அந்த வாலிபர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், அவர்கள் மனம் நோகாமல் சொல்லுங்கள். ஆனால் அந்த லைவ் யாருக்காக? ஞாயிறு காலை கோயிலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தேவையில்லை. வர முடியாதவர்கள் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறார்கள், அங்கே டவர் இல்லை. பார்க்கப்போகிறவர்கள் சேலத்தில் இருக்கும் அந்த வாலிபர்களும் அவர்களுடைய நண்பர்களும்தான். உங்கள் ஆராதனை மலையை விட்டு இறங்கிப் போய்விடும், மலையில் இருக்கும் படுத்த படுக்கையான பாட்டிக்கு ஒன்றும் கிடைக்காது.

பின்தங்கிவிடுவேனோ என்ற பயம் வேண்டாம். புதுக் கருவியைக் கண்டு ஒதுங்கிய சபை இல்லை நம்முடையது. ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சகம் வைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715-ல். அதற்குப் பிறகு வந்த கதைகளில் உங்களுக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். ஜாய் ரைடர்ஹாஃப் என்ற அம்மையார் ஹோண்டுராஸில் ஊழியம் செய்து, உடம்பு கெட்டு அமெரிக்காவுக்குத் திரும்பினார். விட்டு வந்த ஜனங்களிடம் தன்னால் போக முடியவில்லை, குரலாவது போகட்டும் என்று இசைத்தட்டில் பேசிப் பதிவு செய்து அனுப்பினார். அதிலிருந்து 1939-ல் ஓர் ஊழியம் பிறந்தது. பின்னாளில் அவர்கள் ஓர் அட்டைப் பெட்டியையே பாட்டுப்பெட்டியாக மடித்துக் கொடுத்தார்கள். தட்டைக் கையால் சுற்றினால் பேசும். கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். இன்று குளோபல் ரெக்கார்டிங்ஸ் நெட்வொர்க் என்ற பெயரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் ஒலிப்பதிவு வைத்திருக்கிறார்கள். கேட்கிறவர் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்பக் கருவியைச் செய்தார்களே, அந்த வரிசையைத்தான் நீங்களும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நாங்களும் ஒரு காலத்தில் மேலே வந்திருக்கிறோம். 1990-களில் எங்கள் பெண்கள் ஐக்கியத்திலிருந்து நாலைந்து பேர், டேப் ரெக்கார்டரும் பை நிறைய கேசட்டுமாக, இருபது கொண்டை ஊசி வளைவிலும் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வருவோம். வெள்ளக்கடைப் பக்கம் ஒரு திண்ணையில் உட்கார்ந்து ஒரு பிரசங்கத்தைப் போட்டோம். மிளகு உதிர்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கையை நிறுத்தாமல் முழுவதும் கேட்டார். முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு டேப் ரெக்கார்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இந்த ஐயா நல்லாப் பேசறாரு. நான் பேசினா அவருக்குக் கேக்குமா?” என்றார். எங்களிடம் பதில் இல்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டோம். முப்பது வருடமாக அந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது. இன்று உங்கள் கையில் இருக்கும் போனால் அந்தப் பாட்டிக்குப் பதில் சொல்ல முடியும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டு. வீடு வீடாகப் போகும்போது எழுதுங்கள். பட்டன் போனா, டச் போனா? மெமரி கார்டு போடும் இடம் உண்டா? போன் யார் கையில் இருக்கிறது? பல வீடுகளில் நம்பர் அம்மா பெயரில் இருக்கும், போன் மகனோடு திருப்பூருக்கோ சேலத்துக்கோ போயிருக்கும். எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார்கள்? படிக்கத் தெரிந்தவர் யார்? கண் மங்கியவர் யார்? இந்த நோட்டு முடிந்தபின் நீங்களே என்னைக் கேட்காமல் முடிவெடுப்பீர்கள்.

பட்டன் போன்தான் அதிகம் என்று வரும் என்பது என் ஊகம். அப்படியானால் மெமரி கார்டுதான் உங்கள் வழி. ஒரு மணி நேரப் பேச்சை 64 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 ஃபைலாக மாற்றினால் 29 எம்பி அளவுக்குத்தான் வரும். ஒரு 8 ஜிபி கார்டில் 250 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரமும் அதில் ஒரு மூலைக்குத்தான் காணும். சிக்னல் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். பழம் பறிக்கும்போது இடுப்பில் செருகிக்கொண்டு கேட்கலாம்.

பதிவு உங்கள் குரலிலேயே இருக்கட்டும். சென்னைப் பிரசங்கியாரின் எக்கோ வைத்த குரல் வேண்டாம். நீங்கள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். ஆறேழு நிமிடம் போதும். சாயங்காலம் பதிவு செய்தால் சில்வண்டுச் சத்தம் உங்களை மூழ்கடித்துவிடும், மழையில் தகரக் கூரை. விடிகாலையில், மூலையில் ஒரு ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு, அதைப் பார்த்து உட்கார்ந்து பேசுங்கள். போனில் ஏற்கனவே இருக்கும் ரெக்கார்டரே போதும். ஃபைல்களுக்கு 01, 02 என்று எண் மட்டும் வையுங்கள். தமிழில் பெயர் வைத்தால் பல பட்டன் போன்களில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் “இது மூன்றாவது பேச்சு” என்று வாயால் சொல்லிவிடுங்கள், படிக்கத் தெரியாதவருக்கு அதுதான் தலைப்பு.

பாட்டு விஷயத்தில் கவனம். கடையில் கிடைத்த கிறிஸ்தவப் பாட்டையெல்லாம் அள்ளிக் கார்டில் போட்டுக் கொடுப்பது நம் ஆட்களிடம் சாதாரணமாகிவிட்டது. அது இன்னொருவரின் உழைப்பு. எழுதியவர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை உண்டு என்கிறது நம் நாட்டுச் சட்டம். வேதநாயக சாஸ்திரியார் 1864-ல் மறைந்தவர், அவருடைய கீர்த்தனைகளை யாரும் பாடலாம். ஆனால் அதைப் பாடிப் பதிவு செய்தவருக்குத் தனி உரிமை இருக்கிறது. வேதாகம ஒலிப்பதிவுக்கும் அப்படியே, வெளியிட்டவர்களிடம் கேட்டு வாங்கி ஏற்றுங்கள். பாட்டை உங்கள் சபையே பாடட்டும். சுருதி தப்பினால் தப்பட்டும், அவரவர் குரலை அவரவர் அடையாளம் கண்டு சந்தோஷப்படுவார்கள்.

சரி, பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் உங்கள் நம்பரைச் சொல்லி, “புதன்கிழமை ராத்திரி ஏழரைக்கு மிஸ்டு கால் கொடுங்கள், நான் கூப்பிடுகிறேன்” என்று சொல்லுங்கள். டவர் கிடைக்கிற மேட்டுக்கு வர முடிந்தவர்கள் கொடுப்பார்கள். முடியாதவர் சொல்ல நினைப்பதைப் பக்கத்து வீட்டுப் பையன் டச் போனில் பதிந்து, பஸ் ஸ்டாப்புக்கு வரும்போது அனுப்பட்டும். ஏழரையிலிருந்து ஒரு மணி நேரம் நீங்கள் பாறைமேல் இருக்க வேண்டும். கம்பளியும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் யாருமே கூப்பிடாமல் போகலாம், ஆனாலும் போய் உட்காருங்கள். கிறிஸ்தவ சிற்றலை வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்ட தலைமுறை நாங்கள். அந்த நிலையங்கள் எங்கள் மனதில் நின்றதற்குக் காரணம், அஞ்சலட்டை போட்டால் பதில் வந்தது. “விசுவாசம் கேள்வியினால் வரும்” என்று பவுல் ரோமருக்கு எழுதினார். இங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது. ஊழியருக்கும் அந்தக் கேள்வி வேண்டும், தம்பி. நாம் பேசிப் பேசியே பழகிவிட்டோம்.

வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றி எழுதும்போது என் தவறு ஒன்றைச் சொல்லாமல் முடியாது. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஜெபக் குழுவுக்கு நான்தான் அட்மின். ஒரு சகோதரி, தன் மகள் புகுந்த வீட்டில் படும் பாட்டை அழுதுகொண்டே சொல்லி, ஜெபிக்கச் சொன்னார். நான் பெயரைப் போடவில்லை. “அஸ்தம்பட்டி சகோதரியின் மகளுக்காக, கணவரின் குடிப்பழக்கம் மாற” என்று மட்டும் போட்டேன். ஜாக்கிரதையாகத்தான் எழுதினேன் என்று நினைத்தேன். இரண்டே மணி நேரத்தில் அது மூன்று குரூப்புக்குப் போய், சாயங்காலத்துக்குள் மருமகனின் அண்ணன் போனில் இருந்தது. அந்தப் பெண் அன்று ராத்திரி என்ன பட்டாள் என்று இன்றுவரை அவள் அம்மா என்னிடம் சொல்லவில்லை. எட்டு மாதம் அந்தச் சகோதரி கோயிலுக்கு வரவில்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டேன், கதவைத் திறந்தார், உட்காரச் சொல்லவில்லை.

அதனால் சொல்கிறேன், ஜெபக் குறிப்பை ஒருபோதும் குரூப்பில் போடாதீர்கள். உங்கள் ஊர் மாதிரி ஐம்பது வீட்டில், பெயரை மறைத்தால் மட்டும் ஆள் மறைவதில்லை. குரூப்பைக் கலைத்துவிட்டு பிராட்காஸ்ட் லிஸ்ட் வையுங்கள். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்குச் செய்தி தனித்தனியாகப் போகும், யார் யார் பட்டியலில் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரியாது, பதில் உங்களுக்கு மட்டுமே வரும். 256 பேர்வரை சேர்க்கலாம், உங்களுக்குத் தாராளம். கூட்டம், நேரம், இடம் போன்ற அறிவிப்புக்குக் குரூப் வேண்டும் என்றால் அட்மின் மட்டும் அனுப்பும்படி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். காலை வணக்கமும் சண்டையும் அன்றே நின்றுவிடும். சொந்தக் கஷ்டத்தைச் சொல்கிறவரிடம், “இதை வேறு யாரிடமாவது சொல்லி ஜெபிக்கலாமா, நான் மட்டும் ஜெபிக்கட்டுமா?” என்று கேளுங்கள். அவர் சொன்ன வாய்ஸ் மெசேஜைக் கேட்டபின் அழித்துவிடுங்கள்.

பெண்கள் போனில் தனியாகப் பேசுவதற்கு ஒரு நேரம் வையுங்கள், சபையில் மூத்த சகோதரி ஒருவரின் எண்ணையும் கூடவே கொடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆபத்து அவசரம் தவிர எந்தச் செய்திக்கும் பதில் போடாதீர்கள். பிள்ளைகள் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள், நோயாளி படத்தைக் கேட்டும் வைக்காதீர்கள். காணிக்கைக்கு க்யூஆர் அட்டை வைத்தால் அது சபைக் கணக்காக இருக்கட்டும், உங்கள் சொந்தக் கணக்கு வேண்டாம். இன்னொன்று: ஜெபத்துக்கு வருகிற மலை ஜனங்களில் நம் சபையைச் சேராதவர்களும் இருப்பார்கள். அவர்கள் எண்ணைக் கேட்காமல் பட்டியலில் ஏற்றுவதும், அவர்கள் வீட்டில் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு அதைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டுவதும் நன்றிகெட்ட காரியம். தயவு செய்து வேண்டாம்.

மூப்பர் சொன்னது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. பேரப்பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ரீல்ஸ் பார்ப்பதை அவர் தினமும் பார்க்கிறார். அவரோடு வாதாடாதீர்கள். யோவான் தம் இரண்டாம் நிருபத்தின் முடிவில், எழுத நிறைய இருக்கிறது, காகிதத்தாலும் மையாலும் எழுத மனமில்லை, நேரில் வந்து முகமுகமாகப் பேசுகிறேன் என்கிறார். அதையும் அவர் கடிதத்தில்தான் எழுதினார். இதை மூப்பரோடு உட்கார்ந்து வாசியுங்கள். கார்டில் எது போனாலும் வீட்டுச் சந்திப்பு ஒன்றுகூடக் குறையாது என்று அவரிடம் வாக்குக் கொடுங்கள். அப்புறம் ஒன்று கேளுங்கள்: உங்கள் ஊருக்குச் சபை எப்படி வந்தது, முதலில் யார் வீட்டில் கூடினார்கள், மழைக்கு எங்கே ஒதுங்கினார்கள் என்று அவர் சொல்லட்டும், நீங்கள் பதிவு செய்யுங்கள். அந்தக் கதை வேறு யாருக்கும் தெரியாது.

நவம்பரில் பழம் பறிப்பு ஆரம்பித்துவிட்டால் பகலில் வீட்டில் யாரையும் பிடிக்க முடியாது. அதற்குள் நோட்டை முடித்துவிடுங்கள். வாலிபர்கள் தர நினைக்கும் பணத்துக்குக் கார்டு வாங்கித் தரச் சொல்லுங்கள், ஏற்றிக் கொடுக்கவும் அவர்களையே கூப்பிடுங்கள், அவர்களுக்கும் ஊர்ப் பழக்கம் வரும். 01 என்ற ஃபைல் மூப்பருடையதாக இருக்கட்டும். சேலத்துக்கு இறங்கும்போது எனக்கும் ஒரு கார்டு கொண்டு வாருங்கள், அவர் பேசுவதைக் கேட்க ஆசையாக இருக்கிறது.