சடங்கோடு நின்றுபோன பைக்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. ஆறு மாதம் முன்பு பெரியவளானாள். சடங்கெல்லாம் சிறப்பாகச் செய்தோம். அதிலிருந்து ஆளே மாறிவிட்டாள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். முன்பு அவள் அப்பா பைக்கில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். இப்போது ஆட்டோவில் போகிறாள். எல்லாம் ஹார்மோன் என்கிறார்கள். இதைக் குறைக்க மாத்திரை உண்டா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: மாத்திரை கிடக்கட்டும். ஆட்டோ எதற்கு? பைக் இருக்கிறது, அப்பா இருக்கிறார், பள்ளியும் அதே இடத்தில்தான் இருக்கிறது. போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஹார்மோன் சடங்கன்று வந்து இறங்கியதல்ல. முதல் மாதவிலக்குக்கு ஏறக்குறைய 2 வருடம் முன்பே, மார்பு அரும்பத் தொடங்கும்போதே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதிகரிக்க ஆரம்பித்துவிடும். பயத்தையும் கோபத்தையும் சட்டென்று கிளப்பிவிடும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் அது வேலை செய்யும். கோபத்துக்குக் கடிவாளம் போட வேண்டிய முன்மூளையோ முழுதாக முதிர 25 வயதுகூட ஆகும். அதனால் சுருக்கென்று கோபம் வரும், தணிய நேரமாகும். சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 2 வருடமும் இதே பெண்தான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் பள்ளிக்குப் போனாள். நீங்கள் எழுதியபடி பார்த்தால், கதவு சாத்தியது சடங்குக்குப் பிறகுதான்.

குறைக்க வேண்டும் என்கிறீர்களே, முன்மூளையைப் பக்குவப்படுத்துவதிலும் இந்தப் பருவ ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு. நெதர்லாந்தில் 14 வயதுப் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். ஆண், பெண் இருபாலருக்கும் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற பருவ ஹார்மோன் கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம்தான் உணர்ச்சியை அடக்கும் நேரத்தில் முன்மூளை அதிகம் வேலை செய்தது.

பைக்கை நிறுத்தியதற்குக் காரணம் நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரியும். 'பெரிய பொண்ணு, நாலு பேர் என்ன சொல்வாங்க' என்பதுதானே? இத்தனை வருடத்தில் எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். பந்தல் போட்டு, மாலை சூட்டி, ஊரைக் கூட்டிக் கொண்டாடினீர்கள். மறுநாளே அப்பாவை அவளிடமிருந்து பிரித்துவிட்டீர்கள். பெற்றவரே பக்கத்தில் வரக் கூசுகிற உடம்பை அந்தக் குழந்தை எப்படி விரும்புவாள்? தன்னிடம் ஏதோ தப்பு வந்துவிட்டது என்றுதானே நினைப்பாள்? பெண் வளர வளரத் தகப்பனின் கடமை கூடும். தள்ளி நிற்பதைக் கண்ணியம் என்று அவர் நினைத்தால் அது தவறு. அதற்குத் துணைபோன உங்கள் மேலும் தவறு இருக்கிறது.

அவள் இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காமல், சரியாகச் சாப்பிடாமல் இருந்தாலோ, செத்துப்போகிறேன் என்று ஒரு தடவை சொன்னாலோ உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

மற்றபடி, திங்கட்கிழமை முதல் ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டிச் சாவியை அவள் அப்பா கையில் கொடுங்கள். முதல் நாள் ஏறமாட்டேன் என்று முறைப்பாள். பரவாயில்லை, பள்ளிக்கு நேரமானாலும் அவர் வாசலில் காத்திருக்கட்டும்.