இளைத்த குதிரைக்குக் கொள்ளா, எள்ளா?

கேள்வி: ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த எங்கள் பெண் குதிரைக்கு இப்போது 24 வயது இருக்கும். சவாரியை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. புல்லை ஆசையாகத்தான் கடிக்கிறது. சற்று நேரம் மென்றுவிட்டு உருண்டையாகக் கீழே போட்டுவிடுகிறது. விலா எலும்பு தெரிகிறது. கொள்ளை இருமடங்காக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் குதிரைக்குப் பசியும் இருக்கிறது, தீனியும் இருக்கிறது. அரைக்கத்தான் ஆள் இல்லை.

குதிரையின் பின்வாயில் புல்லை அரைப்பதற்கென்று 24 பற்கள் உண்டு. மண்ணும் நாரும் கலந்த தீனியால் அவை ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை தேய்கின்றன. தேய்ந்த அளவுக்கு ஈறுக்குள் புதைந்திருக்கும் பகுதி மேலேறி வரும். அது புதிய வளர்ச்சி அல்ல, இளமையில் சேர்த்துவைத்த இருப்பு. இருபது வயதைத் தாண்டியதும் அந்த இருப்பு தீரத் தொடங்குகிறது. சொரசொரப்பான அம்மிபோல் இருந்த பரப்பு வழுவழுவென்று ஆகிவிடும். அதன் பிறகு எவ்வளவு மென்றாலும் புல் நசுங்குமே தவிர அரைபடாது. நீங்கள் பார்க்கும் உருண்டை அதுதான். முன்பற்களைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவை புல்லைக் கடித்து இழுக்க மட்டுமே. லத்தியை உடைத்துப் பாருங்கள். விரல்நக நீளத்துக்கும் மேல் நாரோ முழுக் கொள்ளோ தென்பட்டால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். கன்னத்தைக் குத்தும் கூர்முனைகளை அவர் அரத்தால் தேய்த்துவிடுவார். ஆடும் பல்லை எடுப்பார். ஆனால் கிழக் குதிரையின் பல்லை முழுக்கச் சமப்படுத்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மிஞ்சியிருக்கும் கொஞ்சத்தையும் நாமே தேய்த்துத் தீர்த்ததாகிவிடும்.

அடுத்தது, பல் செய்த வேலையை நீங்கள் செய்வது. குதிரையின் எடையை நாடாவால் கணக்கிடலாம். முன்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவு 150 சென்டிமீட்டர், தோள்முனையிலிருந்து பின்புறம் வரை நீளம் 140 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 150-ஐ 150-ஆல் பெருக்கி, அதை 140-ஆல் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் சுமார் 265 கிலோ வரும். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 5 கிலோ உலர் தீனி ஒரு நாளைக்கு வேண்டும்.

இதில் பெரும்பங்கு நார்தான் இருக்க வேண்டும். உலர்ந்த குதிரைமசாலை (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) கரகரப்பான தூளாக அரைத்து, 3 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். குழைய வேகவைத்து மசித்த கொள்ளு அரை கிலோ, கோதுமைத் தவிடு அரை கிலோ (இரண்டும் உலர் எடையில்). மீதிக்கு இளம்புல்லைத் தானே மேயட்டும். தூளையும் தவிட்டையும் மூன்று மடங்கு வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, கஞ்சிப் பதத்தில், ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். குதிரையின் இரைப்பை சிறியது. ஒரே வேளையில் கொட்டினால் வயிற்றுவலிதான் மிஞ்சும். தவிடு மலிவு என்று கூட்டிவிடாதீர்கள். அதில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். உங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தில் காணும் கிக்குயு புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற பொருளும் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மெலிந்து முகம் வீங்கும். குதிரைமசாலின் கால்சியம் இந்தக் குறையை ஈடுகட்டுகிறது.

கொள்ளில் நல்ல புரதம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சொன்னவர்கள் விவரமானவர்கள். எடை ஏற எண்ணெயே நல்ல வழி. நல்லெண்ணெய்தான் வேண்டுமென்பதில்லை, காறல் வாடை இல்லாத எந்தச் சமையல் எண்ணெயும் போதும். 25 மில்லியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 100 மில்லிக்குக் கொண்டுவாருங்கள். தீனி மாற்றத்தையும் அப்படியே பத்து நாளாவது இழுத்துச் செய்யுங்கள். கஞ்சியில் ஒரு மேசைக்கரண்டி உப்பு. உறைபனிக் காலையில் குடிக்க வெதுவெதுப்பான நீர். தேய்ந்த பல்லில் குளிர்நீர் பட்டால் கூசும், குடிப்பதைக் குறைத்துவிடும், குடல் அடைத்துக்கொள்ளும்.

வேலை மிச்சமாகிறதென்று மாட்டுத் தீவனமோ கோழித் தீவனமோ வாங்கிப் போடாதீர்கள். கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து கோழிக்கு நல்லது. குதிரைக்கோ சிறிதளவே இதயத் தசையை அழித்துக் கொன்றுவிடும். விடுதித் தோட்டங்களில் வெட்டிக் குவித்த புல்லைச் சும்மா தருகிறார்களா? அதையும் வாங்காதீர்கள். குவியலில் அது புளித்துப்போகும். மெல்லாமலே விழுங்கவும் வைக்கும்.

ஒருநாள் தின்றுகொண்டிருக்கும்போதே கழுத்தை நீட்டி, மூக்கு வழியாக எச்சிலும் தீனியும் ஒழுக நின்றால், உணவுக்குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீனியையும் தண்ணீரையும் உடனே அகற்றுங்கள். வாயில் எண்ணெயோ நீரோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தலையைத் தாழ்த்தி நிற்கவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

லாயத்தில் வேறு குதிரைகள் இருந்தால் இதைத் தனியாகக் கட்டித்தான் கஞ்சி வைக்க வேண்டும். இளசுகள் தங்கள் பங்கை முடித்துவிட்டு இதன் தொட்டிக்கு வந்துவிடும், கிழம் எதிர்க்காமல் ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாடாவால் அளந்து குறித்துவாருங்கள். இரண்டு மாதத்தில் மார்பளவு கூடவில்லை என்றாலோ, கோடையிலும் மயிர் உதிராமல் சடையாகவே இருந்தாலோ காரணம் பல் மட்டுமல்ல. லத்தியில் குடற்புழுவுக்கும், இரத்தத்தில் சுரப்பிக் கோளாறுக்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள். அதுவரை வெல்லம் கொடுக்க வேண்டாம்.