கொரோனா போய்விட்டது, வயிறு ஏன் இன்னும் அடங்கவில்லை?

"கொரோனா வந்து குணமாகி இரண்டு மாதம் ஆகிறது. தினமும் மூன்று, நான்கு முறை வயிறு இளகிப் போகிறது, சாப்பிட்டதும் உப்புசம். வைரஸ் குடலிலேயே தங்கிவிட்டதா? மலத்தில் நுண்ணுயிர் பரிசோதனை செய்து, குடலைச் சுத்தம் செய்யும் மூன்று மாத பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

எடுக்க வேண்டாம்.

கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற கொக்கி நுரையீரலில் மட்டும் இல்லை, சிறுகுடலின் உட்சுவரிலும் ஏராளமாக இருக்கிறது. அதனால்தான் பலருக்கு இருமலோடு வயிற்றுப்போக்கும் வந்தது. காய்ச்சல் போனாலும் குடல் தன் பழைய தாளத்துக்கு வர மாதங்கள் ஆகலாம். மலத்தில் வைரஸின் மரபணுத் துணுக்குகள் வாரக்கணக்கில் தென்படுவதும் உண்டு. பெரும்பாலும் அவை வெறும் மிச்சம்தான். அதைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். பல வண்ணத்தில் வரும் அந்த நுண்ணுயிர் அறிக்கையை வைத்து இன்ன மருந்து கொடு என்று சொல்லும் நிலைக்கு மருத்துவமே இன்னும் வரவில்லை. விற்பவருக்கு மட்டும் எப்படித் தெரிந்ததோ! பேதி கொடுத்துச் 'சுத்தம்' செய்தால், ஏற்கெனவே அலுத்துப்போன குடலிலிருந்து நீரும் உப்பும்தான் போகும்.

உருப்படியான மலப் பரிசோதனை ஒன்று உண்டு. கொரோனா வந்தபோது உங்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்களா? வைரஸை அது தொடாது என்று தெரிந்தும் அள்ளிக் கொடுத்த காலம் அது. கொடுத்திருந்தால், ஆன்டிபயாடிக் எடுத்தபின் குடலில் பெருகி வயிற்றுப்போக்கு தரக்கூடிய 'க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்' என்ற கிருமியின் நச்சு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குத் தனி மருந்து இருக்கிறது.

மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போனாலும் அப்படித்தான். கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்து இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைத்திருக்கலாம். ஆனால் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் அலறியடித்து ஓடி வருவார்கள், பார்த்திருக்கிறேன். மாத்திரையால் வரும் கறுப்பு சாதாரண மலம் போலவே இருக்கும், கொஞ்சம் பச்சையும் கலந்திருக்கும். ரத்தக் கறுப்பு தார் போலப் பளபளப்பாக ஒட்டும், நாற்றமும் தாங்காது. அதற்காக மாத்திரைதான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். தலைசுற்றலோ களைப்போ கூட இருந்தால் அன்றே காட்டுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் பொறுக்கலாம். நீர் நிறையப் போகும் நாளில் ஓஆர்எஸ் கரைசல் போதும். ஒரு முழுப் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரையுங்கள், கண்ணளவு வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் தாளோடு மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். பாதி தாள்களில் 'ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கும், எது, எத்தனை நாள் என்று எழுத யாருக்கும் நேரமில்லை.