மேலே ஒரு கீற்று, கீழே சாம்பல்

கேள்வி: பிஎச்பி, மைஎஸ்கியூஎல் வைத்து ஒரு தளம் செய்கிறேன். பயனர்கள் ஏற்றும் படங்களை டேட்டாபேஸிலேயே பிளாப் (படம் போன்ற பைனரி டேட்டாவை அப்படியே வைக்கும் வகை) ஃபீல்டில் போடுகிறேன். சின்ன ஐகான்கள் ஒழுங்காக வருகின்றன. மொபைலில் எடுத்த படம் என்றால் மேலே ஒரு கீற்று மட்டும் தெரிகிறது, மீதி முழுக்கச் சாம்பல். புரோகிராமில் தப்பே தெரியவில்லையே?

பதில்: புரோகிராமில் தேடினால் கிடைக்காது, தப்பு டேபிளில் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் வெறும் பிளாப் என்று போட்டால் அதில் 65,535 பைட்தான் பிடிக்கும், மொபைல் படமோ சில எம்பி இருக்கும். ஸ்ட்ரிக்ட் மோடு ஓடியிருந்தால் எர்ரர் கொடுத்து அங்கேயே நிறுத்தியிருக்கும் (மைஎஸ்கியூஎல் 5.7 பதிப்பு முதல் அது இயங்கும் நிலையில்தான் வருகிறது), உங்கள் சர்வரில் யாரோ அதை அணைத்து வைத்திருக்கிறார்கள் போல, அதனால் மிச்சத்தை வெட்டிவிட்டு ஒரு வார்னிங்கோடு சும்மா இருந்துவிட்டது. அந்த ஃபீல்டில் எத்தனை பைட் இருக்கிறது என்று லெங்க்த் ஃபங்க்ஷன் போட்டுப் பாருங்கள். பெரிய படம் எல்லாவற்றுக்கும் 65535 என்றே வந்தால் சந்தேகமே வேண்டாம். மீடியம்பிளாப் ஆக்குங்கள், 16 எம்பி வரை தாங்கும். லாங்பிளாப் 4 ஜிபி பிடிக்கும், அது உங்களுக்கு எதற்கு?

மாற்றிய பிறகும் பெரிய படம் ஏறவில்லை என்றால் பிஎச்பியின் அப்லோடு வரம்பைப் பாருங்கள், நாம் தொடாதவரை அது 2 எம்பிதான். மைஎஸ்கியூஎல் பக்கத்தில் பாக்கெட் (ஒரே தடவையில் அனுப்பும் டேட்டா) அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஏற்கெனவே வெட்டுப்பட்ட படங்கள் போனது போனதுதான், மறுபடி ஏற்றச் சொல்ல வேண்டியதுதான்.

கேள்வி: படத்தை டேட்டாபேஸில் வைப்பதே தப்பு, ஃபைலாக வைத்துப் பெயரை மட்டும் டேபிளில் எழுது என்கிறார் நண்பர். சரியா?

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன். படமும் அதன் விவரமும் ஒரே டிரான்சாக்‌ஷனில் சேரும், ஒன்றாக அழியும், பேக்கப் எடுத்தால் இரண்டும் சேர்ந்தே வரும். ஃபைல் இருக்கிறது, டேபிளில் வரியைக் காணோம் என்ற தொல்லை இல்லை. 2006-இல் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் ஆட்கள் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸையும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், 256 கேபிக்குக் கீழே டேட்டாபேஸ் நல்லது, 1 எம்பிக்கு மேலே ஃபைல் நல்லது, நடுவில் உபயோகத்தைப் பொறுத்தது என்று வந்தது. இன்றைய மெஷினில் எண்கள் மாறலாம், ஆனால் சின்னது உள்ளே, பெரியது வெளியே என்ற கணக்கு இன்னும் உதவும்.

உங்கள் தளத்துக்கு நண்பர் சொன்னதுதான் என் ஓட்டும். ஒரு பக்கத்தில் முப்பது படம் இருந்தால் முப்பது தடவை பிஎச்பி எழுந்து, டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பிடித்து, முழுப்படத்தையும் மெமரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஃபைலாக இருந்தால் வெப் சர்வரே நேராகக் கொடுத்துவிடும், படம் மாறவில்லை என்றால் 304 (‘மாறவில்லை’ என்ற பதில்) சொல்லிப் பிரவுசரைத் திருப்பியும் அனுப்பிவிடும். டேட்டாபேஸிலிருந்து கொடுக்கும்போது அந்த ஈடேக் (படம் மாறியதா என்று அறியும் அடையாளம்), கேஷ் வேலையெல்லாம் உங்கள் தலையில். இல்லை, உள்ளேதான் வைப்பேன் என்றால் படத்துக்குத் தனி டேபிள் போடுங்கள், இல்லாவிட்டால் பயனர் பட்டியலுக்கு யாராவது செலக்ட் ஸ்டார் (எல்லா ஃபீல்டையும் கேட்கும் கட்டளை) போடும்போதெல்லாம் படங்களும் சேர்ந்து வந்து நிற்கும். அப்புறம், பேஸ்64 (பைனரியை வெறும் எழுத்துகளாக மாற்றும் முறை) ஆக்கி டெக்ஸ்ட் ஃபீல்டில் திணிக்காதீர்கள், அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுவதுதான் மிச்சம்.

கேள்வி: படத்துக்குப் பதிலாகக் கன்னாபின்னா எழுத்துகள் வருகின்றன.

பதில்: இது படம் என்று பிரவுசருக்குச் சொல்லும் கன்டென்ட் டைப் ஹெட்டரை அனுப்பவில்லை. அனுப்பிய பிறகு உடைந்த பட ஐகான் வந்தால், பிஎச்பி ஃபைலின் தொடக்கத்தில் ஒரு வெற்று வரியோ யூடிஎஃப்-8 பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டோ ஒட்டியிருக்கிறதா பாருங்கள். படத்துக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் போனாலும் கெட்டது.

கேள்வி: ஏற்றுவது படம்தானா என்று எக்ஸ்டென்‌ஷன் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், பிரவுசர் சொல்லும் டைப்பையும் நம்ப முடியாது. பிஎச்பியின் ஃபைன்ஃபோவால் (finfo) உள்ளடக்கத்தைச் சோதியுங்கள், முடிந்தால் ஜிடி என்ற பட லைப்ரரியில் திறந்து புதிதாகச் சேமியுங்கள். படத்துக்குள் இருக்கும் இடத் தகவலும் அதோடு போய்விடும். டெக்ஸ்டாக எழுதப்படும் பட வகையான எஸ்விஜியை மட்டும் உள்ளேயே விடாதீர்கள், அதற்குள் ஸ்கிரிப்ட் ஒளிந்து வரும்.